விளையாட்டில் வம்பு: கேலிக்கு எல்லை எங்கே?

இணைய விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பெற்றோர் தரப்பிலிருந்து தவறாமல் ஒரு குறை வரும். "பையன் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு முன்பின் தெரியாத யாரையோ வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்கிறான். அவர்களும் பதிலுக்கு இவனை விடுவதில்லை. இது என்ன விளையாட்டு?" என்பார்கள். இளையர் தரப்பின் பதிலும் பழகிப்போனதுதான். "அதெல்லாம் சும்மா ஜாலிக்கு. நாளைக்கும் அவங்களோடதானே விளையாடணும்?"

இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. கேலி இல்லாவிட்டால் இந்த விளையாட்டுகளில் பாதி சுவை போய்விடும். அதே கேலி ஓர் இடத்தைத் தாண்டினால் மனிதரைக் காயப்படுத்திவிடும். அந்த இடம் எது என்பதில்தான் குழப்பம்.

கிளான், கில்டு என்றெல்லாம் அழைக்கப்படும் விளையாட்டுக் குழுக்கள் நம் வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் லேன் கடைகளிலும் மலேசியாவின் சைபர் கஃபேக்களிலும் கவுன்டர்-ஸ்டிரைக் விளையாடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு. தங்கள் பெயருக்கு முன்னால் குழுவின் சுருக்கப் பெயரை ஒட்டிக்கொள்வார்கள். அடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் எதிரணியை ஆட்டம் முழுக்க வம்புக்கு இழுப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு குழுவும் ஒன்றாகப் போய்த் தேநீர் குடிக்கும்.

அங்கே கேலிக்கு இயல்பான ஒரு கடிவாளம் இருந்தது. எதிரியின் முகம் கண்ணுக்குத் தெரிந்தது. கிண்டல் அதிகமாகி அவன் முகம் மாறினால் உடனே பேச்சையும் மாற்றிவிடலாம். பட்டிமன்ற மேடையில் எதிரணிப் பேச்சாளரைக் கிழித்துத் தொங்கவிடுபவர்கூட அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுகிறார். லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய ஏசிக்கொண்டாலும் இரு தரப்பும் ஒரே பந்தலில்தான் உட்கார்ந்திருக்கும். இணையத்தில் அந்தப் பந்தல் இல்லை. முகமும் இல்லை. பெயர்கூடப் புனைபெயர்தான். அப்படியிருந்தும் பல்லாயிரம் பேர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டே ஒரே சமூகமாக இருந்துவருகிறார்கள் என்றால், அது எப்படி?

இதற்குப் பதில் தேட "ஈவ் ஆன்லைன்" என்ற விளையாட்டைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம்.

ஒரே வானம், ஒரே போர்க்களம்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் உள்ள சிசிபி நிறுவனம் 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு இது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் கொண்ட ஒரு கற்பனை அண்டம். அதில் ஒவ்வொருவரும் ஒரு விண்கப்பலோட்டி. சுரங்கம் தோண்டலாம், வணிகம் செய்யலாம், கொள்ளையடிக்கலாம், போரிடலாம்.

மற்ற பல இணைய விளையாட்டுகளில் விளையாடுவோரைத் தனித்தனிக் கணினிச் சேவையகங்களில் பிரித்து வைத்துவிடுவார்கள். ஒரு சேவையகத்தில் இருப்பவருக்கு மற்றதில் நடப்பது தெரியாது. ஈவ் விளையாட்டில் அப்படி இல்லை. சீனாவுக்கெனத் தனியாக இயங்கும் ஒன்றைத் தவிர, உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே அண்டத்தில்தான் இருக்கிறார்கள். இன்று சண்டையிட்டவரை நாளையும் சந்திக்க நேரும். ஐந்து ஆண்டு கழித்தும் சந்திக்க நேரும். அந்த ஊரில் யாரும் யாரையும் எளிதில் மறப்பதில்லை.

இன்னொன்று, இழப்பு. கப்பல் அழிந்தால் அழிந்ததுதான். விளையாட்டை மூடிவிட்டு மறுபடி திறந்தால் அது திரும்பி வராது. "டைட்டன்" எனப்படும் மிகப் பெரிய கப்பல் ஒன்றைக் கட்ட ஒரு குழுவே வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். அதனால் தோல்வி வலிக்கும். வலிப்பதால்தான் வென்றவனின் கிண்டலும் உறைக்கும்.

இங்கே குழுக்கள் "நிறுவனங்கள்" எனப்படும். நிறுவனங்கள் சேர்ந்து "கூட்டணி" ஆகும். கூட்டணிகள் சேர்ந்து இன்னும் பெரிய அணியாகும். பெரிய கூட்டணிகளில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் உண்டு. வரி வசூலிப்பவர், கணக்கு பார்ப்பவர், படைத்தளபதி, எதிரியுடன் பேச்சு நடத்தும் தூதர், ஏன், ஒற்றர்களைக் கையாள்பவர் வரை அனைத்துப் பதவிகளும் இருக்கும். யாருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு இரவில் வந்து செய்கிறார்கள்.

விளையாட்டுக்குள் நடக்கும் ஏமாற்று, உளவு, துரோகம் ஆகியவற்றில் சிசிபி பொதுவாகத் தலையிடுவதில்லை. நம்பிக் கொடுத்த கஜானாவை ஒருவர் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டால் அது விளையாட்டின் ஒரு பகுதிதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது காட்டு தர்பார்போலத் தோன்றும். ஆனால் இங்கும் சில வழக்கங்கள் உண்டு. அவை எழுதி வைக்கப்படாதவை.

வம்பின் கருவிகள்

ஒரு நட்சத்திர மண்டலத்துக்குள் நுழைந்தால் அங்கே இருக்கும் அனைவருக்கும் பொதுவான ஓர் உரையாடல் பெட்டி திரையில் இருக்கும். அதில் ஒருவர் தட்டச்சு செய்வதை நண்பரும் பகைவரும் ஒன்றாகப் படிக்கலாம். வம்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். போருக்கு முன் மார்தட்டல், தோற்றவரின் சாக்குப்போக்கு, அதற்கு வென்றவரின் நையாண்டி என்று சந்தைக்கடை போல் இரைச்சலாக இருக்கும்.

அடுத்தது அழிவு அறிக்கை. ஒரு கப்பல் அழிந்தவுடன் அதை ஓட்டியவர் யார், என்னென்ன கருவிகள் பொருத்தியிருந்தார், சுட்டவர்கள் யார் யார் என்ற விவரம் தானாகவே பதிவாகிவிடும். இவற்றைத் திரட்டி வெளியிடும் இணையத்தளங்கள் இருக்கின்றன. தப்பான கருவியைப் பொருத்திக்கொண்டு போருக்குப் போனவர் தப்பிக்கவே முடியாது. ஊர் முழுக்கச் சிரிக்கும். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய தோல்வியைக்கூட ஒருவர் எடுத்துக் காட்டி வம்பிழுக்கலாம்.

பெயர்களே கேலியாக இருப்பதும் உண்டு. "சோதனைக் கூட்டணி, தயவுசெய்து கண்டுகொள்ளாதீர்கள்" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு கூட்டணி இருந்தது. பல ஆயிரம் உறுப்பினர்கள் கொண்ட வல்லரசாக அது வளர்ந்த பிறகும் பெயர் அப்படியேதான் இருந்தது. அவர்களிடம் தோற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு வம்புக்கும் நடுவே கவனிக்கத்தக்க ஒரு பழக்கம் இருக்கிறது. சண்டை முடிந்ததும் அதே பொதுப் பெட்டியில் இரு தரப்பினரும் "ஜிஎஃப்" என்று இரண்டு எழுத்துகளைத் தட்டுவார்கள். "நல்ல சண்டை" என்பதன் ஆங்கிலச் சுருக்கம். தோற்றவரும் போடுவார், வென்றவரும் போடுவார். ஆங்கில "ஓ" எழுத்தையும் 7 என்ற எண்ணையும் அடுத்தடுத்துப் போடுவது இன்னொரு வழக்கம். வட்டம் தலை, ஏழு என்பது நெற்றியில் வைத்த கை. ஒருவர் சல்யூட் அடிப்பதுபோல் தெரியும். மகாபாரதப் போரில் பொழுது சாய்ந்ததும் ஆயுதங்களைக் கீழே வைத்தது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரும் போர்களில் கேலிக்கு நேரமும் நிறையக் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான கப்பல்கள் ஒரே இடத்தில் குவிந்தால் கணினிகள் திணறும். அதைச் சமாளிக்க, 2012 வாக்கில் சிசிபி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நெரிசல் கூடக்கூட விளையாட்டுக்குள் ஓடும் நேரமே மெதுவாகும். உச்சகட்டத்தில் வழக்கமான வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான். பீரங்கியை ஒருமுறை சுட்டுவிட்டு அடுத்த முறை சுடும் வரை ஒரு காப்பி கலந்து குடித்துவிட்டு வரலாம். மணிக்கணக்கில் இப்படி உட்கார்ந்திருப்பவர்கள் பேசாமல் என்ன செய்வார்கள்?

பெற்றோருக்குத் தெரியவேண்டிய இன்னொரு விஷயமும் இதோடு ஒட்டியிருக்கிறது. ஒரு குழுவின் கோட்டையைத் தாக்கினால் அது உடனே வீழ்ந்துவிடாது. தாங்குபவர்களுக்கு வசதியான நேரத்தில்தான் அடுத்த கட்டச் சண்டை நடக்கும். எதிரணி ஐரோப்பியர்களாக இருந்தால் நம் வட்டாரத்தில் இருப்பவர் விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும். "அலாரம் வைத்த படையெடுப்பு" என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. விடிகாலை மூன்று மணிக்கு அறையில் விளக்கு எரிந்தால் அது பெரும்பாலும் பரீட்சைக்காக இருக்காது.

பெயரையே பறிகொடுத்த கூட்டணி

ஈவ் வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட பகை, "பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்" கூட்டணிக்கும் "கூன்ஸ்வார்ம்" கூட்டணிக்கும் இடையில் நடந்தது.

பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியினர் அனுபவசாலிகள். கட்டுப்பாடு மிக்கவர்கள், பெரிய கப்பல்கள் வைத்திருந்தவர்கள். கூன்ஸ்வார்ம் அதற்கு நேர் எதிர். "சம்திங் ஆஃபுல்" என்ற அமெரிக்க நகைச்சுவை இணையத்தளத்தின் உறுப்பினர்கள் 2005, 2006ஆம் ஆண்டுகளில் கூட்டமாக வந்து சேர்ந்து தொடங்கிய கூட்டணி அது. விளையாட்டு சரியாகத் தெரியாத புதியவர்கள். கையில் இருந்தது மலிவான சிறு கப்பல்கள். நூற்றுக்கணக்கில் அவற்றை ஓட்டிக்கொண்டு வந்து தேனீக் கூட்டம்போல் மொய்த்துப் பெரிய கப்பல்களைச் சாய்த்தார்கள். தேனீயையே தங்கள் சின்னமாகவும் வைத்துக்கொண்டார்கள்.

இவர்களுடைய உண்மையான ஆயுதம் கேலிதான் என்றே சொல்லவேண்டும். விளையாட்டைக் கடும் காரியமாக எடுத்துக்கொள்பவரைக் கண்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம். நூறு சிறு கப்பல்களை இழந்துவிட்டுச் சிரிப்பவனை எப்படித் தோற்கடிப்பது? அனுபவசாலிகளுக்கு அது புரியவில்லை. கேலி எதிரியைச் சோர்வடையச் செய்தது. சொந்தப் படையையோ தோல்வியிலும் கலையாமல் பார்த்துக்கொண்டது.

2007இல் பகை முற்றியது. சிசிபி ஊழியர் ஒருவர் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியில் விளையாடிக்கொண்டே முறைகேடாகச் சில அரிய வரைபடங்களைப் பெற்றிருந்தது வெளிவந்தது. நடுவரே எதிரணியில் ஆடுகிறார் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? இந்த விவகாரத்துக்குப் பிறகுதான் விளையாடுவோரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை மன்றம் ஒன்றை 2008இல் சிசிபி அமைத்தது.

2009 பிப்ரவரியில் நடந்ததுதான் உச்சம். பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியில் இயக்குநர் பொறுப்பில் இருந்த ஒருவர் கட்சி மாறி கூன்ஸ்வார்ம் பக்கம் வந்தார். அவரிடம் இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஒரு குண்டுகூடப் போடாமல், அந்தக் கூட்டணியையே கலைத்துவிட்டார்கள். பல ஆண்டு உழைப்பில் கட்டிய பேரரசு சில பொத்தான்களை அழுத்தியதில் மறைந்தது. அவர்கள் வேறு பெயரில் மீண்டும் ஒன்றுகூட வேண்டியதாயிற்று. எதிரியின் கோட்டையைப் பறிப்பது ஒன்று, பெயரையே பறிப்பது இன்னொன்று. பிபிசிகூட இதைச் செய்தியாக்கியது.

கூன்ஸ்வார்ம் கூட்டணியின் சிரிப்பு ஓர் ஆண்டுதான் நீடித்தது. 2010 தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்தவரே சொத்துகளைச் சுருட்டிக்கொண்டு கூட்டணியைக் கலைத்துவிட்டார். பழைய பகைவர்களுக்கு அது தீபாவளி. கூன்ஸ்வார்ம் ஆட்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு வேறொரு பெயரில் மறுபடி எழுந்தார்கள்.

கைதவறிய கதைகளும் உண்டு. 2013 ஜனவரியில் டைட்டன் கப்பல் ஒன்றை ஓட்டியவர், தன் படையை எதிரிமேல் அனுப்புவதற்கான பொத்தானுக்குப் பதிலாகத் தானே பாயும் பொத்தானை அழுத்திவிட்டார். எதிரிகளின் நடுவில் தன்னந்தனியாகப் போய் நின்ற அந்தக் கப்பலைக் காப்பாற்றவும் அழிக்கவும் ஏறக்குறைய மூவாயிரம் பேர் திரண்டார்கள். அசாக்காய் போர் என்று அதற்குப் பெயர்.

மறு ஆண்டு ஜனவரியில் அதைவிடப் பெரிய கூத்து. ஒரு நட்சத்திர மண்டலத்தின் உரிமைக்கான தவணைப் பணம் உரிய நேரத்தில் கட்டப்படாமல் போனது. அந்த வாய்ப்பில் கூன்ஸ்வார்ம் தரப்பும் அதன் ரஷ்யத் தோழமைப் படைகளும் உள்ளே புகுந்தன. சுமார் 21 மணி நேரம் நடந்த போரில் 7,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். 75 டைட்டன்கள் அழிந்தன. அதில் 59 தோற்ற தரப்புக்குச் சொந்தமானவை. இழப்பின் மதிப்பு 300,000 அமெரிக்க டாலருக்கு மேல் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. யாரும் அவ்வளவு ரொக்கத்தை இழந்துவிடவில்லை. விளையாட்டின் நாணயத்தைச் சந்தா நேரமாக மாற்றிக்கொள்ள முடியும், சந்தாவுக்கு டாலரில் விலை உண்டு. அந்தக் கணக்கில் போட்ட மதிப்பு அது. ஆனாலும் ஒரு மாதத் தவணையை மறந்ததால் இத்தனை கப்பல் போயிற்று என்றால், அந்தக் கிண்டல் எத்தனை ஆண்டு ஓடும்!

இதுவரை சொன்ன கேலிகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. சிரிப்புக்கு இலக்கானது கப்பல், தவறிய விரல், கட்டாத தவணை, கலைந்த கூட்டணி. அவற்றின் பின்னால் இருந்த மனிதரின் வீடு, குடும்பம், மனநிலை எதுவும் கேலிக்குள் வரவில்லை. தோற்றவரும் நாளை அதே நாணயத்தில் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

2012: ஒரே குழு, இரண்டு நிகழ்வுகள்

அந்த எல்லை உடைந்ததும் ஈவ் சமூகத்தில்தான். 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரெய்க்யாவிக்கில் விளையாட்டின் வருடாந்திர ரசிகர் விழா நடந்தது. கூட்டணித் தலைவர்கள் மேடையேறிப் பேசும் அங்கம் ஒன்று இருந்தது. இணையத்தில் நேரடி ஒளிபரப்பும் உண்டு. மது அருந்தியிருந்த நிலையில் கூன்ஸ்வார்ம் தலைவர் பேசினார். "தி மிட்டானி" என்ற புனைபெயரில் உலகெங்கும் அறியப்பட்டவர். முன்னாள் வழக்கறிஞர். பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கலைக்கப்பட்டபோது ஒற்றர் படைக்குப் பொறுப்பாக இருந்தவர். ஆலோசனை மன்றத் தேர்தலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று அப்போதுதான் வென்றிருந்தார்.

அவருடைய குழு கப்பல்களை அழித்ததால் நொந்துபோன ஒரு சுரங்கத் தொழிலாளி, அதாவது விளையாட்டில் சுரங்கம் தோண்டுபவர், தன் சொந்த வாழ்க்கைச் சோகத்தையும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதையும் எழுதியிருந்தார். அந்தச் செய்தியைத் தி மிட்டானி மேடையில் கேலிப்பொருளாக்கினார். அத்தோடு நிற்கவில்லை. அந்த விளையாட்டாளரின் பெயரையும் சொல்லி, அவரைத் தேடிப்போய் மேலும் சீண்டலாம் என்று பொருள்படப் பேசினார். அரங்கில் சிரிப்பு எழுந்தது.

ஒளிபரப்பைப் பார்த்தவர்களில் பலருக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டனம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வந்தது. தி மிட்டானி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, மன்றத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். சிசிபி அவருக்கு 30 நாள் தடை விதித்தது. மன்றத்திலும் அவர் இடம்பெற முடியாமல் போனது.

துரோகத்தையும் களவையும் விளையாட்டின் பகுதி என்று ஏற்றுக்கொண்ட ஒரு சமூகம் இதை மட்டும் ஏன் ஏற்கவில்லை என்று கேட்கலாம். பதில் எளியது. கப்பலை இழந்தவர் ஒரு பாத்திரம். உதவி தேடிப் புலம்பி எழுதியவர் ஒரு மனிதர். விளையாட்டில் தோற்றவர் மறுநாள் திரும்பி வந்து பதிலடி கொடுக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்று எழுதியவர் எந்தப் பதிலடியைக் கொடுப்பார்? அரங்கில் சிரித்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் "அழும் எதிரி"யைப் பார்த்துச் சிரித்துப் பழகியவர்கள் அவர்கள். அழுகை நிஜமாகிவிட்டதைப் பழக்கம் மறைத்துவிட்டது. இணையக் கேலியில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான்.

ஆறு மாதங்கள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. 2012 செப்டம்பர் 11ஆம் தேதி லிபியாவின் பெங்காசி நகரில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டது. தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸுடன் உயிரிழந்தவர்களில் ஒருவர் ஷான் ஸ்மித். வெளியுறவுத் துறையின் தகவல் நிர்வாக அதிகாரி, வயது 34, இரண்டு பிள்ளைகளின் தந்தை. ஈவ் உலகில் அவர் பெயர் "வைல் ராட்". கேடுகெட்ட எலி என்று பொருள். கூன்ஸ்வார்ம் கூட்டணியின் தலைமைத் தூதர் அவர்தான். ஆலோசனை மன்றத்திலும் இருந்தவர். தாக்குதல் நடந்த அன்றும் இணைய உரையாடலில் தம் குழு நண்பர்களுடன் தொடர்பில் இருந்தார்.

எதிரணிகளுடன் பேரம் பேசுவதுதான் அவருடைய வேலை. அதனால் பகைக் கூட்டணிகளில் அவரைத் தெரியாதவர் குறைவு. அவர் இறந்த செய்தி பரவியதும் ஈவ் அண்டம் முழுக்க விளையாட்டாளர்கள் தங்கள் வசமிருந்த விண்வெளி நிலையங்களுக்கு வைல் ராட் நினைவாகப் பெயர் மாற்றினார்கள். நூற்றுக்கணக்கான நிலையங்கள். கூன்ஸ்வார்ம் கூட்டணியின் நண்பர்களும் மாற்றினார்கள், அதை ஒழித்தே தீருவது என்று நின்றவர்களும் மாற்றினார்கள். அவருடைய குடும்பத்துக்காகத் திரட்டப்பட்ட நிதி 100,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது.

கேலிக்காக வைத்துக்கொண்ட அந்தப் பெயரை மரியாதைக்காகக்கூட யாரும் மாற்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கேடுகெட்ட எலி என்றுதான் அஞ்சலி செலுத்தினார்கள். அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலரி கிளிண்டன், உயிரிழந்தவர்களின் உடல்களைப் பெற்றுக்கொண்ட நிகழ்வில், இணைய உலகில் அவருடைய சகாக்களும் போட்டியாளர்களும் துக்கம் காப்பதைக் குறிப்பிட்டுப் பேசினார்.

மார்ச் மாதம் ஒரு மனிதரின் துயரத்தைக் கேலிப்பொருளாக்கிய கூட்டணியும், செப்டம்பரில் பகைவர்களிடமிருந்தே அஞ்சலியைப் பெற்ற கூட்டணியும் ஒன்றுதான். இணைய விளையாட்டு என்றால் வன்மம் என்று வாதிடுபவர் முதல் நிகழ்வைக் காட்டலாம். நட்பு என்று வாதிடுபவர் இரண்டாவதைக் காட்டலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த உலகம் புரியும்.

அதற்குப் பிறகு எல்லை கொஞ்சம் தெளிவானது. 2014இல் ஒருவர், பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லி விளையாட்டாளர்களை ஏமாற்றியதோடு, விளையாட்டுக்கு வெளியே குரல் உரையாடலுக்கு அழைத்து, மணிக்கணக்கில் அவமானப்படுத்தி அதை ஒலிப்பதிவும் செய்தது பெரும் சர்ச்சையானது. ஏமாற்றியதைக் குற்றமாக யாரும் பெரிதுபடுத்தவில்லை. அது விளையாட்டு. வெளியே அழைத்து வந்து துன்புறுத்தியதுதான் பிரச்சினை. விளையாட்டுக்கு வெளியே நடக்கும் துன்புறுத்தலையும் பொறுத்துக்கொள்ள முடியாது என்று சிசிபி அறிவித்தது.

நம் பக்கத்து நாட்டுக்கும் இந்தப் பகைவர்களின் கை நீண்டிருக்கிறது. 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி பிலிப்பீன்ஸைத் தாக்கியபோது, சந்தா நேரமாக மாற்றக்கூடிய பொருள்களை விளையாட்டாளர்கள் நன்கொடையாகத் தர, சிசிபி அவற்றைப் பணமாக்கியது. ஐஸ்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் 190,000 அமெரிக்க டாலருக்கும் மேல் வழங்கப்பட்டது. கொடுத்தவர்களில் பலர் அதே வாரம் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்தான்.

வீட்டில் இணைய விளையாட்டு விளையாடும் பிள்ளை இருந்தால், அவன் எதிரணியைக் கிண்டல் செய்கிறானா என்று பார்ப்பதைவிட எதைக் கிண்டல் செய்கிறான் என்று கேட்டுப் பார்ப்பது பயன் தரும். "உன் ஆட்டம் மோசம்" என்பது வேறு. "உன் அம்மா", "உன் நிறம்", "உன் நாடு" என்று தொடங்குவது வேறு. எதிராளி திருப்பிக் கிண்டல் செய்தால் பிள்ளை சிரிக்கிறானா, இல்லை ஒலிவாங்கியைத் தூக்கி எறிகிறானா? எதிராளி பேச்சை நிறுத்திய பிறகும் இவன் விடாமல் துரத்துகிறானா? இதையெல்லாம் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. "உங்க எதிரணியில் யாருடா நல்லா ஆடுவாங்க?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். எதிரியைப் புகழ்ந்து பத்து நிமிடம் பேசுகிற பிள்ளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

அடையாளம் தெரியாமல் வரும் குழுக்களிலும் ஒரு சோதனை இருக்கிறது. நல்ல குழுக்களில் புதியவனைக் கேலி செய்வார்கள், அடுத்த நிமிடமே அவனுக்குக் கப்பலும் கொடுத்துக் கற்றும் கொடுப்பார்கள். கூன்ஸ்வார்ம் வளர்ந்ததே அப்படித்தான். கேலி மட்டும் கிடைத்து, கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லாத குழுவிலிருந்து பிள்ளை வெளியேறுவதே மேல்.

ரெய்க்யாவிக் துறைமுகத்தில் ஈவ் விளையாட்டுக்காக எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. 2014 மே மாதம் திறக்கப்பட்டது. அப்போது விளையாடிக்கொண்டிருந்தவர்களின் பாத்திரப் பெயர்கள் அதன் அடிப்பீடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நண்பர், பகைவர், ஒற்றர், கொள்ளைக்காரர் என்ற பேதம் இல்லாமல் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில். ரசிகர் விழாவுக்கு வருபவர்கள் தங்கள் பெயரைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு எதிரியின் பெயரையும் தேடுவார்கள். திறந்த அதே மாதம், சமூகத்தில் பலரும் அடிக்கடி கேலி செய்துவந்த ஒருவரின் பெயரை மட்டும் யாரோ கீறிச் சிதைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.